வெண்புள்ளி தொற்றாது, ஆனால் காத்திருக்காது

பனியன் கம்பெனி வேலையில் கையை மறைக்க முடியாது. பவர் டேபிளில் துணியைத் தள்ளுவதும், செக்கிங்கில் பீஸைப் புரட்டுவதும், அயர்ன் மேசையில் மடிப்பதும் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கிற வேலைகள். ஊத்துக்குளி தொடங்கித் திருப்பூர் வரை நீளும் இந்தத் தொழில் பகுதியில் ஒரு பெண்ணின் விரல் நுனியிலோ ஓர் இளைஞனின் உதட்டோரத்திலோ வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்று ஷிப்ட் முடிவதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். பாலை நிறுத்து என்பார் ஒருவர். பரிகாரம் செய் என்பார் இன்னொருவர். சாயத்தண்ணியால் வந்தது என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வார். பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்த வைத்தியரின் எண்ணை நான்காமவர் குறித்துக் கொடுப்பார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும் மாதங்களில்தான் சிகிச்சைக்கு மிக நல்ல காலம் கைநழுவிப் போகிறது. வெண்புள்ளி உயிரைப் பறிக்கும் நோயல்ல. அதைச் சுற்றி வளர்ந்த தவறான நம்பிக்கைகள் பறிப்பதோ, திரும்பக் கிடைக்காத காலத்தை.

நோய் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்குபவை மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள். மருத்துவர்கள் விட்டிலிகோ என்று சொல்லும் வெண்புள்ளி நோயில் இந்தச் செல்கள் சில இடங்களில் அழிந்துவிடுகின்றன. அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கும், வியர்வை இருக்கும், தோலின் வலுவும் குறையாது. நிறம் மட்டும் இருக்காது. உலக மக்களில் 100 பேருக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. படிக்கிற வயது, வேலைக்குச் சேர்கிற வயது, கல்யாணப் பேச்சு எழுகிற வயது. தவறான பேச்சு அதிகம் காயப்படுத்துவதும் அந்த வயதில்தான்.

நம்பிக்கை 1: "அது வெண்குஷ்டமுங்க. ஒட்டிக்கும்."

வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியை 1873-ல் கண்டறிந்தார். வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. எனவே தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே மெஷினில் மாறி மாறி உட்கார்ந்தாலும், கணவன் மனைவியாக வாழ்ந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது.

பார்த்தும் தொட்டும் பிரித்தறிய வழி உண்டு. தொழுநோயின் தேமல் பெரும்பாலும் மங்கிய நிறத்தில் இருக்கும். அந்த இடத்தில் தொடு உணர்வோ சூடு உணர்வோ குறைந்திருக்கும். வெண்புள்ளி பால் வெள்ளையாக, எல்லை தெளிவாக இருக்கும். உணர்வு துளியும் குறையாது. தோல் மருத்துவர் இருட்டறையில் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை அடித்தால் வெண்புள்ளி நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும். சில நிமிட வேலை.

"குஷ்டம்" என்ற சொல் இந்த நோயோடு ஒட்டிக்கொண்டதால்தான் இத்தனை ஒதுக்கலும் வந்தது. சென்னையில் கே. உமாபதி தொடங்கிய வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் அந்தப் பெயரை மாற்றப் பல ஆண்டுகள் போராடியது. "வெண்புள்ளிகள்" என்றே வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசும் ஆணையிட்டது. அதற்காகத் தொழுநோயாளியை ஒதுக்கலாம் என்று பொருளல்ல. தொழுநோய் இன்று கூட்டு மருந்தால் முழுதும் குணமாகும் நோய். அதை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவையே 2019-ல் நாடாளுமன்றம் இந்து திருமணச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களிலிருந்து நீக்கிவிட்டது.

நம்பிக்கை 2: "வெள்ளையாத் தெரிஞ்சா எல்லாம் அதேதான்."

அப்படி இல்லை. வியர்வை அதிகமுள்ள நம் ஊரில் கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் வரும் மெல்லிய செதிலுள்ள தேமல் ஒரு வகைப் பூஞ்சையால் வருவது, களிம்பிலேயே போய்விடும். பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாகத் தெரியும் திட்டுகளைப் பூச்சி, சத்துக் குறைவு என்று சொல்வோம். பெரும்பாலும் அது வறட்சியால் வரும் லேசான தோல் அழற்சி, தானே மறையும். தீக்காயமோ சிராய்ப்போ ஆறிய பின் கொஞ்ச காலம் வெளுத்திருப்பதும் வேறு. வீட்டிலேயே பெயர் வைத்துப் பயப்படுவதும் தவறு, "தேமல்தான்" என்று ஓராண்டு விட்டுவைப்பதும் தவறு. பார்த்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்.

நம்பிக்கை 3: "பாலும் மீனும் ஒண்ணாச் சாப்பிட்டா வரும். புளிப்பும் ஆகாது."

வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்போன ஊர் ஊத்துக்குளி. இந்த ஊரிலேயே வெண்புள்ளி வந்த பிள்ளைக்குப் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. வெள்ளையானதைத் தின்றால் வெள்ளை பரவும் என்ற எண்ணம்தான் காரணம். உணவின் நிறத்துக்கும் நிறமிச் செல்லின் அழிவுக்கும் தொடர்பே இல்லை. பால் குடலில் செரித்துப் புரதமாகவும் கொழுப்பாகவும் உடைகிறது. தோலுக்குப் போய் வெள்ளை பூசுவதில்லை. பாலும் மீனும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மீனைப் பால் சேர்த்துச் சமைத்துச் சாப்பிடும் நாடுகள் பல உண்டு. அங்கே வெண்புள்ளி கூடுதலாக இல்லை.

எலுமிச்சை, நெல்லி, புளி, தக்காளி கூடாது என்பதும் அப்படித்தான். செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் நிறம் வரும் என்பதற்கு ஒரு வேர் இருக்கிறது: மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குச் செம்பு தேவை. ஆனால் வெண்புள்ளியில் குறைவது செம்பல்ல, அந்த நொதியைச் சுமக்கும் செல்லே அங்கே இல்லை. ரத்தப் பரிசோதனையில் பி12, டி வைட்டமின் குறைவு தெரிந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மேல் பத்தியம் எதுவும் தேவையில்லை. வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து பாலையும் பழத்தையும் எடுத்துவிட்டால், இருக்கிற நோயோடு சத்துக் குறைவும் சேரும்.

நம்பிக்கை 4: "சர்ப்ப தோஷம். செஞ்ச பாவம்."

கோயிலுக்குப் போவது அவரவர் மனத்துக்கு ஆறுதல். ஆனால் நோய் வந்தவர் தலையில் பாவத்தைச் சுமத்துவது அநியாயம். அவர் எதுவும் செய்யவில்லை. நடப்பது உடலின் காவல் அமைப்புக்குள் ஒரு குழப்பம்.

கடந்த இருபது முப்பது ஆண்டு ஆய்வுகள் இதைப் படிப்படியாகத் தெளிவாக்கியிருக்கின்றன. பிறப்பிலேயே சில மரபணுக்களின் சேர்க்கையால் சிலருடைய நிறமிச் செல்கள் அழுத்தத்தைத் தாங்கும் திறன் குறைந்தவையாக இருக்கும். அந்தச் செல்கள் துன்பப்படும்போது வெளியிடும் சமிக்ஞையை உடலின் எதிர்ப்பு ஆற்றல் தவறாகப் புரிந்துகொள்கிறது. நச்சுயிரி புகுந்த செல்களைக் கொல்ல வேண்டிய சிடி8 டி செல்கள் நிறமிச் செல்களைக் கொல்லத் தொடங்குகின்றன. அவை இன்டர்பெரான் காமா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது தோல் செல்களுக்குள் ஜேக் என்ற நொதிகள் வழியே செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி கிடைத்த தோல் செல்கள் சிஎக்ஸ்சிஎல்10 என்ற ஈர்ப்புப் பொருளை வெளியிட்டு, இன்னும் பல டி செல்களை அதே இடத்துக்கு வரவழைக்கின்றன. சங்கிலி இப்படித் தன்னைத் தானே நீட்டிக்கொள்கிறது. புள்ளி விரிவது இதனால்தான்.

சண்டை ஓய்ந்த பிறகும் சில டி செல்கள் நினைவுடன் அதே தோலில் தங்கிவிடுகின்றன. சிகிச்சையால் நிறம் வந்த இடத்திலேயே மறுபடியும் வெளுப்பது ஏன் என்ற பழைய கேள்விக்கு இதுவே விடை. சிகிச்சையை நிறுத்திய முதல் ஆண்டுக்குள் ஏறத்தாழ 40% பேருக்கு அப்படித் திரும்புகிறது. நிறம் திரும்பிய பின்னும் டாக்ரோலிமஸ் களிம்பை வாரம் இருமுறை தொடர்ந்து பூசினால் அந்த அளவு 10% அருகே இறங்குகிறது என்று பிரான்ஸில் நடந்த ஆய்வு 2015-ல் காட்டியது. "மறுபடி வந்துடுச்சு, மருந்து வேலைக்கு ஆகாது" என்று கைவிடுவோர் அறிய வேண்டிய செய்தி இது.

நம்பிக்கை 5: "எல்லாம் சாயப்பட்டறையாலதான்."

இந்தப் பகுதியில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இது. முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கியது. கழிவை ஆற்றில் விடாத முறைக்கு மாறாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தக் கழிவில் மிகுந்திருந்தது உப்பு. அது நிலத்தைக் கெடுத்தது, கிணற்றைக் கெடுத்தது, கால்நடைகளை வாட்டியது. இந்தக் கேடுகளே போதுமான குற்றச்சாட்டு. ஆனால் உப்பேறிய தண்ணீரால் வெண்புள்ளி வருவதாக அறிவியலில் நிறுவப்படவில்லை. சாயப்பட்டறையே இல்லாத ஊர்களிலும் நாடுகளிலும் இதே நோய் இருக்கிறது. பருத்தி பனியனுக்குப் பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப் பிணைப்பில் இறுகிவிடும். நன்றாக அலசி முடித்த துணி தோலில் வெண்புள்ளியை உண்டாக்கும் என்று அஞ்ச வேண்டாம். பிளீச்சிங் மருந்து பருத்தியின் இயல்பான மங்கலைப் போக்குவதுபோல் நம் தோலின் நிறத்தையும் எடுத்துவிடும் என்பதும் தவறு. அது கையில் பட்டால் எரிச்சலும் புண்ணும் வரும். புண் ஆறிய இடம் சில காலம் வெளுத்திருக்கலாம். அதனால் கையுறை கட்டாயம்.

அப்படியானால் இதில் உண்மை எங்கே? சில குறிப்பிட்ட வேதிப்பொருள்கள் நிறமிச் செல்லைக் கொல்லும் என்பதில்.

1939-ல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலை. ரப்பர் கையுறை போட்டு வேலை செய்த தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கைகளும் முன்னங்கைகளும் வெளுத்தன. ஆலைச் சரக்கையும் தண்ணீரையும் ஆராய்ந்த பிறகு குற்றவாளி கையுறையிலேயே சிக்கியது. ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த மோனோபென்சோன் என்ற பொருள். அதன் மூலக்கூறு மெலனினுக்கு மூலப்பொருளான டைரோசினைப் போலவே இருக்கும். நிறமிச் செல்லின் நொதி ஏமாந்து அதை உள்ளே எடுத்து மாற்றும். உருவாவது நிறமல்ல, செல்லைக் கொல்லும் நஞ்சு.

அதே ஏமாற்று 2013-ல் ஜப்பானில் பெரிய அளவில் நடந்தது. ரோடோடென்ட்ரால் என்ற பொருள் சேர்த்த முகப் பொலிவுக் களிம்புகளை கானேபோ நிறுவனம் அந்த ஜூலையில் திரும்பப் பெற்றது. அவற்றைப் பூசியவர்கள் சுமார் 8 லட்சம் பேர். வெண்திட்டுகள் வந்தவர்கள் 19,000-க்கும் மேல். எல்லாருக்கும் ஏன் வரவில்லை என்பதிலேயே பாடம் இருக்கிறது: வேதிப்பொருள் மட்டும் போதாது, உடலின் சாய்வும் சேர வேண்டும்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. வேதிப்பொருளால் தோல் வெளுத்த 864 பேரைப் பற்றிக் கொல்கத்தா மருத்துவர்கள் ஓர் ஆய்வை 2009-ல் வெளியிட்டார்கள். பட்டியலில் முதலிடம் தலைச்சாயத்துக்கு. கால் பங்குக்கும் மேல். அடுத்தடுத்து வாசனைத் திரவியம், சோப்பு வகைகள், ஸ்டிக்கர் பொட்டு, ரப்பர் செருப்பு, கறுப்புக் காலுறையும் ஷூவும். தாயத்துக் கயிற்றின் சாயம்கூட அதில் இருந்தது. நோய் தீரக் கட்டும் கயிறே சிலருக்கு வெளுப்பைத் தரலாம் என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஸ்டிக்கர் பொட்டிலும் செருப்பிலும் பசைக்காகச் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால், தலைச்சாயத்தில் இருக்கும் பாரா பினைலின் டயமின் ஆகியவை இந்த வகையில் பேர்போனவை.

ஆகவே சாயப்பட்டறையிலோ பிரிண்டிங்கிலோ வேலை செய்பவருக்குப் புள்ளி வந்தால், "வேலையால்தான்" என்று முடிவுகட்டவும் வேண்டாம், "வேலைக்குச் சம்பந்தமே இல்லை" என்று தள்ளவும் வேண்டாம். மருத்துவரிடம் என்ன வேலை, எந்தக் கையுறை, என்ன பசை, என்ன செருப்பு, எந்தத் தலைச்சாயம் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். முதல் புள்ளி பொட்டு வைக்கும் இடத்திலோ செருப்பு வார் படும் இடத்திலோ கையுறை முடியும் இடத்திலோ தோன்றியிருந்தால் அதுவே பெரிய துப்பு. அந்தப் பொருளை நிறுத்துவதே சிகிச்சையின் முதல் படி.

இன்னொரு காரணமும் இந்தத் தொழிலோடு தொடர்புடையது: உரசல். நோயின் போக்கு உள்ளவருக்குத் தோலில் அடிக்கடி அழுத்தமோ கீறலோ பட்டால் அங்கே புதுப் புள்ளி முளைக்கும். 1872-ல் இந்தப் போக்கைச் சோரியாசிஸில் விவரித்த ஜெர்மன் மருத்துவர் கோப்னரின் பெயராலேயே இது அறியப்படுகிறது. பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, எலாஸ்டிக் அழுத்தும் இடம், உள்ளாடைப் பட்டை தோளில் பதியும் தடம் ஆகியவை கவனிக்க வேண்டிய இடங்கள். தளர்ந்த, மென்மையான பருத்தி ஆடை போடுங்கள். அழுக்குப் போகட்டும் என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை 6: "குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கும் வந்துடும். பொண்ணு எடுக்கக் கூடாது."

பெண் பார்க்கும் பேச்சு முறியும் இடம் இதுதான். நோய் உள்ளவர்கள் மட்டுமல்ல, நோயே இல்லாத அவர்களுடைய தங்கைகளும் தண்டிக்கப்படுகிறார்கள்.

எண்களைக் கேளுங்கள். வெண்புள்ளி உள்ளவரின் உடன்பிறந்தோரில் அது வருவது 100-க்கு சுமார் 6 பேருக்கு. 94 பேருக்கு வருவதில்லை. மரபணு முழுதும் ஒன்றாக உள்ள ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கும் வருவது 23% தான். மரபே தலையெழுத்தானால் அது 100 ஆக இருந்திருக்க வேண்டும். ஐம்பதளவு மரபணு இடங்கள் சிறுசிறு பங்கு வகிக்கின்றன என்றும், அவற்றோடு சூழலும் சேர வேண்டும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் குடும்பத்தில் ஓடும். அதற்காக யாரும் சம்பந்தத்தை முறிப்பதில்லை. வெண்புள்ளிக்கு மட்டும் தனி அளவுகோல் வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கருத்தரிப்பதற்கோ பிள்ளைப் பேற்றுக்கோ இந்த நோய் தடையும் இல்லை.

நம்பிக்கை 7: "இதுக்கு மருந்தே கிடையாது."

அதிகக் காலத்தை விழுங்குவது இந்த நம்பிக்கை. முழுமையாக, எப்போதைக்குமாகத் துடைத்தெறியும் மருந்து இன்னும் இல்லை என்பது உண்மை. பரவுவதை நிறுத்தவும் நிறத்தைக் கணிசமாக மீட்கவும் வழி இருக்கிறது என்பதும் உண்மைதான்.

நிறம் எங்கிருந்து திரும்புகிறது என்று தெரிந்தால் காலத்தின் அருமை புரியும். மயிர்க்கால்களுக்குள் நிறமிச் செல்லின் மூலச் செல்கள் பதுங்கியிருக்கின்றன. அவை நிறமிச் செல்களுக்கு ஒரு நாற்றங்கால் மாதிரி: சிகிச்சை தொடங்கினால் அங்கிருந்து புது நிறமிச் செல்கள் வெளியேறிச் சுற்றிலும் பரவும். வெள்ளைத் திட்டுக்குள் முதலில் கறுத்த சிறு புள்ளிகளாக நிறம் எழுவது அதனால்தான். அந்தத் திட்டில் உள்ள மயிரும் நரைத்துவிட்டால் சேமிப்பே தீர்ந்துவிட்டது என்று பொருள். மருந்தால் நிறம் வருவது அப்போது மிகக் கடினம். விரல் நுனி, உதடு, உள்ளங்கை ஓரம் ஆகிய இடங்களில் மயிர்க்கால் இல்லாததால் அங்கேயும் கடினம். புதுப் புள்ளிக்குத் தொடங்கும் சிகிச்சை பழைய புள்ளிக்குத் தொடங்குவதைவிட நன்றாகப் பலிப்பதும் இதனால்தான்.

சிகிச்சைகளை வரிசையாகப் பார்க்கலாம். சிறு புள்ளிகளுக்கு ஸ்டீராய்டு களிம்பு, முகம் போன்ற மென்மையான இடங்களுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு. வேகமாகப் பரவினால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் முறை. உலகமே பின்பற்றும் இந்த முறையை 1990-களில் வகுத்தவர்கள் தில்லி எய்ம்ஸ் மருத்துவர் பாஸ்ரிச்சாவும் அவருடைய குழுவினரும்.

உடலில் பல இடங்களில் இருந்தால் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி ஒளிச் சிகிச்சை. ஆம்ஸ்டர்டாமில் 1997-ல் இதன் பயன் காட்டப்பட்டது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடத் தரக்கூடியது. ஆனால் பொறுமை வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஆறு மாதம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கணக்கில், முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் ஆறு மாதத்தில் 19%. ஓராண்டு தொடர்ந்தவர்களில் 36%. முகத்திலும் கழுத்திலும் பலன் அதிகம், கை கால் நுனிகளில் மிகக் குறைவு. இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டு "ஒளியும் வேலை செய்யல" என்று சொல்பவர்கள் அதற்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

புதிய வரவு ரக்சோலிடினிப் களிம்பு. மேலே சொன்ன ஜேக் நொதிகளைத் தடுத்து, சங்கிலியை நடுவிலேயே அறுக்கும் மருந்து. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு இதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூலையில் அனுமதித்தது. வெண்புள்ளியில் நிறத்தை மீட்பதற்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. 674 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகளில், முகத்தில் முக்கால் பங்கு நிறம் மீண்டவர்கள் 24 வாரத்தில் ஏறத்தாழ 30%. மருந்தில்லாத களிம்பு பூசியவர்களில் அது 7 முதல் 11% வரை. அதிசயம் அல்ல, ஆனால் நோயின் காரணத்தைக் கண்டுபிடித்து அங்கேயே கைவைத்ததால் கிடைத்த வெற்றி.

ஓராண்டாகப் பரவாமல் நிலைத்திருக்கும் புள்ளிக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. தொடையிலிருந்து மெல்லிய தோல் துண்டை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்துக் கரைசலாக்கி, வெளுத்த இடத்தில் பரப்புவார்கள். எடுத்த தோலைப்போல் பல மடங்கு பரப்பை இது மூடும். இந்த முறையை எளிமையாக்கியதில் இந்திய மருத்துவர்களுக்குப் பெரும் பங்குண்டு. உடலின் பெரும்பகுதி வெளுத்துவிட்டால், மீதமுள்ள நிறத்தையும் நீக்கி ஒரே சீராக்குவதும் ஒரு வழி. அதற்குப் பயன்படுவது 1939-ல் கையுறையில் சிக்கிய அதே மோனோபென்சோன்.

நம்பிக்கை 8: "நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது."

கார்போகரிசியை நம் முன்னோர் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தியது வெறும் நம்பிக்கையல்ல. அந்த விதையில் சோரலென் உண்டு. எகிப்தில் வளரும் வேறொரு செடியிலிருந்து அதே குடும்பப் பொருளைப் பிரித்தெடுத்து, சூரிய ஒளியோடு சேர்த்து எல் மோஃப்டி 1940-களின் இறுதியில் கெய்ரோவில் செய்த சிகிச்சைதான் நவீன ஒளிச் சிகிச்சைக்கு வழிகாட்டி. ஆனால் சோரலென் தோலை ஒளிக்கு அதீதமாகக் கூச வைக்கும். அளவு தெரியாமல் அரைத்துப் பூசிக்கொண்டு நண்பகல் வெயிலில் நின்றால் கொப்புளமும் தீப்புண்ணும் வரும். அந்தப் புண்ணே புதுப் புள்ளிக்கு இடமாகும். விதையை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. வேலை செய்யும் மருந்து எதுவானாலும் அதற்கு அளவு உண்டு. சித்த மருத்துவரிடம் போவதானால் பதிவு பெற்றவரிடம் போங்கள்; என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தோல் மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புக்கும் இதே எச்சரிக்கை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பரு வரும். மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது.

நம்பிக்கை 9: "தொண்ணூறு நாளில் உத்தரவாதமுன்னு சுவத்துல எழுதியிருக்கே?"

எழுதியதே குற்றம். 1954-ன் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. லூகோடெர்மா என்ற பெயரில் வெண்புள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனவே சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் உத்தரவாதம் தருபவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறுகிறார். போனஸ் பணத்தை அப்படிப்பட்டவர் கையில் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 10: "வெறும் அழகுப் பிரச்சினை. கண்டுக்காம விடலாம்."

இதற்கு நேர்மாறாக, வெளுத்த தோலில் புற்றுநோய் வரும் என்ற பயம் சிலருக்கு. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெயிலில் அந்த இடம் சீக்கிரம் கருகிச் சிவக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் பாதுகாப்புக் களிம்பும் போதும். ஆனால் இதே எதிர்ப்பு ஆற்றல் குழப்பம் தைராய்டு சுரப்பியையும் தாக்கக்கூடும். அதனால் வெண்புள்ளி உள்ளவர்கள் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சோர்வு, எடை கூடுதல், மாதவிடாய் கோளாறு இருந்தால் தள்ளிப் போட வேண்டாம்.

மனத்தின் காயம் அதைவிடப் பெரியது. விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவதும், கடும் வெயிலிலும் கையை மூடிக்கொண்டே திரிவதும், வேலையை விட்டுவிடுவதும் புள்ளியால் நேர்பவை அல்ல. பார்ப்பவர் பார்வையால் நேர்பவை. மனச்சோர்வு இந்த நோயாளிகளிடம் அதிகம் என்று உலகெங்கும் ஆய்வுகள் சொல்கின்றன. சிகிச்சை வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்று ஒருவர் தெரிந்து முடிவெடுத்தால் அதுவும் மதிக்க வேண்டிய முடிவே. தெரியாமல், பயத்தால், பொய்யால் அந்த முடிவுக்குத் தள்ளப்படக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

ஊத்துக்குளியிலிருந்து ஒரு பக்கம் 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருப்பூருக்கும் மேற்கே கோவை அரசு மருத்துவமனை. தோல் நோய்ப் பிரிவில் காட்டுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்கள் மருந்தகத்தில் தோல் மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். போகும்போது புள்ளி முதலில் தெரிந்த மாதம், பரவும் வேகம், செய்யும் வேலை, பூசிய சாப்பிட்ட மருந்துகள் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பரவுகிறதா, நிறம் திரும்புகிறதா என்று மருத்துவர் அதை வைத்தே சொல்லிவிடுவார்.

கம்பெனி நடத்துபவர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெண்புள்ளி உள்ளவரை லைனை விட்டு மாற்றாதீர்கள், தனித் தட்டு தனி டம்ளர் வைக்காதீர்கள். வாரம் இருமுறை ஒளிச் சிகிச்சைக்குப் போக ஒரு மணி நேரம் அனுமதி கொடுங்கள். அது அவருடைய ஓராண்டு முயற்சியைக் காப்பாற்றும்.

பக்கத்தில் வேலை செய்பவர் கையில் புள்ளியைப் பார்த்தால் இனி ஒரே யோசனை போதும்: இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். கூட வர ஆள் வேண்டுமென்றால், நீங்களே கூடப் போங்கள்.